மகளையா, கனவானையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு தங்கள் இணைப்பிதழில் இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய இங்கிலாந்தின் நடன விருந்துகளைப் பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. படங்கள் அழகு. ‘பால்ரூம்’ என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, பால் காய்ச்சுவதற்கென்று தனி அறையே வைத்திருந்தார்களா என்று என் பேரன் கேட்டான். அதுகூடப் பரவாயில்லை. நான்காவது பத்தியில் இருந்த ஒரு வாக்கியத்தைப் படித்ததும்தான் காபித் தம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்: ‘தாய்மார்கள் திருமண வயதில் உள்ள தம் மகளை அழைத்துச் சென்று செல்வந்தக் கனவானுக்கு அறிமுகப்படுத்துவார்கள், அதன்பின் இளையவர்கள் சுதந்திரமாகப் பழகுவார்கள், நம் ஊர்ப் பெண் பார்க்கும் படலத்தின் கெடுபிடிகள் அங்கே இல்லை.’

முப்பத்திரண்டு ஆண்டுகள் பெண்கள் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்தி ஓய்வுபெற்றவள் நான். ஜேன் ஆஸ்டினின் நாவல்களை எத்தனை முறை பாடம் நடத்தினேன் என்ற கணக்கு என்னிடம் இல்லை. தங்கள் வாக்கியத்தின் பின்பாதி முழுவதும் தவறு. முன்பாதியில் வேற்றுமை உருபு மட்டும் தவறு. ஆனால் அந்த உருபுதான் விஷயமே.

அந்தச் சமூகத்தில் மகளைக் கனவானுக்கு அறிமுகப்படுத்த மாட்டார்கள். கனவானை மகளுக்கு அறிமுகப்படுத்துவார்கள். மகள் நான்காம் வேற்றுமை. கனவான் இரண்டாம் வேற்றுமை. யாரை யாருக்கு என்பது அவர்களுக்குப் பெரிய விஷயம். தாழ்ந்த தகுதியில் இருப்பவரை உயர்ந்த தகுதியில் இருப்பவருக்கு அறிமுகம் செய்வது வழக்கம். ஆணையும் பெண்ணையும் பொறுத்தவரை, மரியாதையின் கணக்குப்படி பெண்ணே உயர்ந்தவள். ஆகவே ஆண்தான் கொண்டுவந்து நிறுத்தப்படுவான். அதற்கு முன் அவளுடைய சம்மதத்தைக் கேட்டுக்கொள்வதும் முறை.

இது ஏதோ இலக்கண வாத்தியாரம்மாளின் பிடிவாதம் என்று நினைத்துவிட வேண்டாம். 1813-இல் வெளிவந்த ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நாவலின் தொடக்கத்தைப் பாருங்கள். பக்கத்து மாளிகைக்கு பிங்லி என்ற பணக்கார இளைஞர் குடிவருகிறார். பென்னட் வீட்டில் ஐந்து பெண்கள். தாய் தவிக்கிறாள். ஏன் தவிக்க வேண்டும், நேரே போய்ப் பார்த்துவிட்டு வரலாமே என்று ஒவ்வோர் ஆண்டும் ஒரு மாணவியாவது கேட்பாள். அதுதான் முடியாது. புதிதாக வந்த ஆண்மகனை முதலில் வீட்டு ஆண் போய்ப் பார்த்தாக வேண்டும். தந்தை வாசற்படி மிதிக்காத வீட்டுக்குத் தாயும் மகள்களும் போக வழியில்லை. திரு. பென்னட் முதல் ஆட்களில் ஒருவராகப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, மனைவியிடம் சொல்லாமல் மாலைவரை வேடிக்கை பார்க்கிறார். பொல்லாத மனிதர்.

சில நாட்களில் பிங்லி மரியாதைக்குத் திரும்ப வருகிறார். பத்து நிமிடம் நூலக அறையில் தந்தையோடு உட்கார்ந்துவிட்டுப் போய்விடுகிறார். பெண்களின் அழகைப் பற்றிக் கேள்விப்பட்டு ஆசையோடு வந்தவர், ஒருத்தியையும் பார்க்கவில்லை. பெண்கள் மட்டும் மாடி ஜன்னலிலிருந்து அவர் நீலக் கோட்டு அணிந்திருந்ததையும் கறுப்புக் குதிரையில் வந்ததையும் பார்த்துக்கொண்டார்கள். கெடுபிடி இல்லையாம்!

இதே இடத்தில் இன்னொரு வேடிக்கை உண்டு. திருமதி லாங் என்ற பக்கத்து வீட்டு அம்மாள், நடன விருந்தில் பிங்லியை இவர்களுக்கு அறிமுகம் செய்து வைப்பதாக வாக்களித்திருக்கிறாள். ஆனால் அவள் ஊர் திரும்புவதோ விருந்துக்கு முந்தின நாள். அவளுக்கே பிங்லியைத் தெரியாதபோது எப்படி அறிமுகம் செய்வாள்? அப்படியானால் நீயே பிங்லியை அவளுக்கு அறிமுகப்படுத்திவிடேன் என்கிறார் கணவர். ஓர் அறிமுகத்தைக் கையில் வைத்திருப்பது கைமாற்றுக் கொடுக்கப் பணம் வைத்திருப்பதுபோல. திருமதி லாங்குக்கும் மணமாகாத உறவுப் பெண்கள் இருவர் உண்டு. அவள் வாக்கைக் காப்பாற்றுவாள் என்று திருமதி பென்னட் நம்பவே இல்லை.

மெரிட்டன் ஊர் நடனத்தில் பிங்லியின் நண்பர் டார்சி என்ன செய்கிறார்? வேறு எந்தப் பெண்ணுக்கும் தான் அறிமுகம் செய்யப்படுவதை மறுக்கிறார். கவனியுங்கள், அறிமுகம் செய்யப்பட வேண்டியவர் அவர்தான். ஆண்டுக்குப் பத்தாயிரம் பவுண்டு வருமானம் உள்ளவரும் இரண்டாம் வேற்றுமையில் போய் நிற்க வேண்டியவரே. அதை மறுத்ததால்தான் ஊர் அவரைத் திமிர் பிடித்தவர் என்றது.

இனி நான் வகுப்பில் மிகவும் ரசித்து நடத்திய இடத்துக்கு வருகிறேன். சர் வில்லியம் லூகாஸ் வீட்டு விருந்து. அவர் முன்பு மெரிட்டனில் வியாபாரம் செய்து பொருள் சேர்த்தவர். மேயராக இருந்தபோது மன்னரிடம் வரவேற்புரை வாசித்து ‘சர்’ பட்டம் பெற்றவர். செயின்ட் ஜேம்ஸ் அரண்மனையில் மன்னருக்கு முன் தானே அறிமுகம் செய்யப்பட்டவர். அந்தப் பெருமை அவரைவிட்டுப் போகவே இல்லை. டார்சியோடு பேசிக்கொண்டிருக்கும்போது பென்னட் வீட்டு இரண்டாவது மகள் எலிசபெத் அந்தப் பக்கம் வருகிறாள். உடனே அவருக்கு உற்சாகம். இந்த இளம்பெண்ணை மிகச் சிறந்த நடனத் துணையாக உங்களுக்கு அறிமுகப்படுத்த அனுமதியுங்கள் என்று டார்சியிடம் சொல்லி, அவள் கையைப் பிடித்து அவரிடம் கொடுக்கவே போகிறார். உருபு தலைகீழாகிவிட்டது. எலிசபெத் வெடுக்கென்று பின்வாங்குகிறாள். நடனத் துணை கேட்டுப் பிச்சையெடுக்க நான் இந்தப் பக்கம் வரவில்லை என்ற பொருளில் பதில் சொல்கிறாள்.

நடனமாட விருப்பமில்லை என்பதற்காக மட்டும் அவள் அவ்வளவு சீறினாள் என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. ஏற்கெனவே ஒரு முறை தன்னை இகழ்ந்த மனிதருக்கு முன்னால், தன்னை ‘இவளை’ என்று கொண்டுபோய் நிறுத்துகிறாரே என்ற கோபம் அது. தங்கள் கட்டுரையாளர் செய்ததும் சர் வில்லியம் செய்ததும் ஒன்றே.

பெண்ணும் இரண்டாம் வேற்றுமையில் நிற்கும் இடம் ஒன்று உண்டு. அது அரண்மனை. பெருங்குடிப் பெண்கள் பருவம் வந்து சமூகத்தில் நடமாடத் தொடங்கும்போது அரசி சார்லட்டின் முன் அறிமுகம் செய்யப்படுவார்கள். ஏற்கெனவே அப்படி அறிமுகமான ஒரு பெண்மணியே அழைத்துப் போக வேண்டும். அப்போது நாகரிகம் மார்புக்குக் கீழேயே இடுப்பு வைத்துத் தைத்த மெல்லிய ஆடை. அரசியோ பழைய வளையப் பாவாடையை விட மறுத்தார். இரண்டையும் சேர்த்து அணிந்தால் பெண் அக்குளிலிருந்து கவிழ்ந்த கூடைபோலத் தெரிவாள். தலையில் தீக்கோழி இறகு வேறு. அரசி 1818-இல் இறந்த பிறகு, 1820-இல் பட்டத்துக்கு வந்த நான்காம் ஜார்ஜ்தான் அந்த வளையத்தை ஒழித்தார். அதற்கு முன் 1811-இலிருந்து, நோயுற்ற தந்தைக்குப் பதிலாக நாட்டை ஆண்ட ரீஜென்ட்டும் இவரே. அந்தக் காலத்துக்கு ‘ரீஜென்சி’ என்ற பெயர் வந்ததும் இவரால்தான்.

‘அதன்பின் சுதந்திரமாகப் பழகுவார்கள்’ என்று எழுதினீர்கள். பாத் நகரத்துக்குப் பதினேழு வயதுப் பெண்ணாகப் போன காதரின் மார்லண்டைக் கேட்டால் சொல்வாள். ஆஸ்டினின் ‘நார்த்தாங்கர் அபி’ நாவலின் நாயகி அவள். அவளை அழைத்துப் போன திருமதி ஆலனுக்கு அங்கே ஓர் ஆளைத் தெரியாது. பாத் நகரில் மேல் அரங்கு, கீழ் அரங்கு என்று இரண்டு நடன அரங்குகள். முதல் இரவு மேல் அரங்கில் கூட்டத்தில் நசுங்குகிறார்கள். நூற்றுக்கணக்கான ஆண்கள் இருக்கிறார்கள். ஒருவரும் அவளை ஆட அழைக்க முடியாது, ஏனென்றால் அறிமுகம் செய்து வைக்க ஆளில்லை. தேநீர் மேசையில் பக்கத்திலிருந்தவர் தேநீர் வேண்டுமா என்று கேட்டதுதான் அன்றிரவு கிடைத்த பேச்சு. நமக்கு இங்கே யாரையாவது தெரிந்திருந்தால் நன்றாயிருக்குமே என்று திருமதி ஆலன் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். தெரிந்த முகம் ஒன்றுமில்லாத கல்யாண வீட்டில் பந்தியில் இடம்தேடி நின்றவர்களுக்கு அந்த அம்மாளின் குரல் புரியும்.

பிறகு கீழ் அரங்கில்தான் விடிவு. அங்கே ‘மாஸ்டர் ஆஃப் செரிமனீஸ்’ என்று ஒருவர் இருப்பார். விழா நெறியாளர் என்று சொல்லலாம். வருகிறவர்களை அறிந்து, தகுதி பார்த்து, ஆடத் துணையில்லாத பெண்களுக்கு ஆண்களை அறிமுகம் செய்வது அவர் வேலை. நாவலில் வரும் திரு. கிங் கற்பனை இல்லை. ஜேம்ஸ் கிங் என்பவர் 1785 முதல் 1805 வரை உண்மையிலேயே அந்த அரங்கின் நெறியாளராக இருந்தார். பிறகு மேல் அரங்குக்கு மாறினார். அவர்தான் ஹென்றி டில்னி என்ற இளைஞரைக் காதரினுக்கு அறிமுகம் செய்கிறார். அதோடு முடிந்ததா? அவர்கள் ஆடிக்கொண்டிருக்கும்போதே திரு. ஆலன், யார் இந்தப் பையன் என்று விசாரித்துவிட்டார். பாதிரியார், கிளாஸ்டர்ஷயரில் மதிப்புள்ள குடும்பம் என்று தெரிந்த பிறகே அவருக்கு நிம்மதி.

லண்டனில் இந்த வாயிற்காவல் இன்னும் கடுமை. கிங் தெருவில் 1765-இல் தொடங்கிய ஆல்மாக்ஸ் அரங்கில் புதன்கிழமை இரவுகளில் நடனம். அனுமதிச் சீட்டு யாருக்கு என்று முடிவு செய்தவர்கள் சில சீமாட்டிகள். 1814-இல் லேடி ஜெர்சி, லேடி காசல்ரே உட்பட ஏழு பேர் என்று கேப்டன் க்ரோனோ தன் நினைவுக்குறிப்பில் பெயர் சொல்லி எழுதியிருக்கிறார். காவல் படையின் முந்நூறு அதிகாரிகளில் ஆறு பேருக்குமேல் சீட்டுக் கிடைக்கவில்லை என்பது அவர் புலம்பல். உள்ளே போனால் சாப்பிடக் கிடைப்பது லெமனேடும் தேநீரும் வெண்ணெய் தடவிய மெல்லிய ரொட்டியும்தான். உணவுக்காகவா போனார்கள்? யார் வரன், யார் வரன் அல்ல என்பதை வாசலிலேயே சலித்துக் கொடுத்த இடம் அது.

இதில் பெண்ணுக்கு என்ன இருந்தது என்று கேட்கலாம். சம்மதம் கேட்கப்படும் உரிமை இருந்தது. மறுக்கும் உரிமையும் இருந்தது. அதற்கு ஒரு விலை. ஒருவரோடு ஆட மாட்டேன் என்று சொன்னால் அன்றிரவு வேறு யாரோடும் ஆடக் கூடாது. உட்கார்ந்தே இருக்க வேண்டும். அதனால்தான் பென்னட் வீட்டு உறவினர் காலின்ஸ் முதல் இரண்டு ஆட்டங்களுக்குக் கேட்டபோது எலிசபெத் பல்லைக் கடித்துக்கொண்டு ஒப்புக்கொள்கிறாள். பின்னிரவில் அவரோடு மறுபடி ஆட மறுத்துவிடுகிறாள். அவரோ பக்கத்திலேயே நின்றுகொள்கிறார். மற்றவர்களோடும் ஆட முடியாமல் போய்விடுகிறது. பிடித்தவரோடு ஆடுவதற்கும் அளவுண்டு. இரண்டு முறை ஆடினாலே ஊர் எண்ணத் தொடங்கிவிடும். பிங்லி மூத்தவள் ஜேனோடு இரண்டு முறை ஆடியதை அவள் தாய் வீட்டுக்கு வந்து முழக்கியது அதனால்தான். நிச்சயமாகாத ஆணும் பெண்ணும் கடிதம் எழுதிக்கொள்ளவும் கூடாது. எழுதினால் நிச்சயமாகிவிட்டது என்றே பிறர் எடுத்துக்கொள்வார்கள்.

பருவம் வந்து சபைக்குள் வந்தவளா, வராதவளா என்பதை அறியாமல் பேசிவிட்டாலும் வினைதான். ஆஸ்டினின் ‘மான்ஸ்ஃபீல்ட் பார்க்’ நாவலில் டாம் பெர்ட்ராம் என்ற இளைஞன் ஒரு கதை சொல்வான். ராம்ஸ்கேட் கடல் பாலத்தில் நண்பன் வீட்டுத் தாயையும் இரண்டு மகள்களையும் சந்திக்கிறான். கலகலவென்று பேசிய ஒருத்தியோடு வீடுவரை பேசிக்கொண்டே நடக்கிறான். அவள் இளையவளாம், இன்னும் சபைக்கு வராதவளாம். இன்னும் ஆறு மாதத்துக்கு அவளை யாரும் கவனிக்கக் கூடாதாம். மூத்தவள் அவனை மன்னிக்கவே இல்லை. மூத்தவள் இருக்க இளையவளைப் பார்ப்பதா என்ற மனத்தாங்கல் நமக்கு விளக்கிச் சொல்ல வேண்டிய ஒன்றா? பென்னட் பெண்கள் ஐவரும் ஒரே நேரத்தில் சபையில் இருக்கிறார்கள் என்று கேட்டதும் டார்சியின் சித்தி லேடி காதரின் மூர்ச்சையாகாத குறை. எங்கள் தெருவில் அப்படி ஓர் அம்மாள் இருந்தார்; அவரை நினைத்துக்கொண்டேதான் அந்தப் பகுதியை வாசித்துக் காட்டுவேன்.

ஆணும் பெண்ணும் அணைத்தபடி சுழன்றாடும் வால்ட்ஸ் நடனத்தைப் பற்றியும் தங்கள் கட்டுரை காதல் சொட்ட எழுதியிருந்தது. ஒரு செய்தி சேர்த்துக்கொள்ளுங்கள். ரீஜென்ட்டின் விருந்தில் அது ஆடப்பட்ட பிறகு, 1816 ஜூலையில் லண்டன் ‘டைம்ஸ்’ ஏடு அதைக் கண்டித்து, மகள்களை இந்தத் தொற்றுக்கு ஆளாக்காதீர்கள் என்று பெற்றோரை எச்சரித்து எழுதியது. அன்றைய ஆசிரியர்கள் தம் வாசகர்களின் மகள்களைப் பற்றி அவ்வளவு கவலைப்பட்டிருக்கிறார்கள்.

என்னையும் பெண் பார்க்க வந்தார்கள், 1976-இல். தரகர் சொன்னது இன்றும் காதில் இருக்கிறது: ‘பெண்ணைப் பையனுக்குக் காட்டுங்கள்.’ காபித் தட்டோடு போய் நின்றேன். அவருக்கு என் பெயர், படிப்பு, நட்சத்திரம் எல்லாம் சொல்லப்பட்டன. அவர் பெயரை எனக்கு யாரும் சொல்லவில்லை. பத்திரிகை அச்சடிக்கக் கொடுத்த தாளில்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். (நல்ல மனிதர், அது வேறு விஷயம்.) ஆகவே ஆங்கிலேயப் பெண்ணின் நான்காம் வேற்றுமையை நான் ஏளனம் செய்ய மாட்டேன். அது வெறும் உருபுதான், பின்னால் பணம்தான் பேசியது என்பதும் எனக்குத் தெரியும். எலிசபெத்துக்கு வரப்போவது நான்கு சதவீத வட்டியில் ஆயிரம் பவுண்டு, அதாவது ஆண்டுக்கு நாற்பது பவுண்டு. மணம் பேச வந்த காலின்ஸ் அதை அவள் முகத்துக்கு நேரே சொல்லிக் காட்டுகிறார். டார்சியின் தங்கைக்கோ முப்பதாயிரம். இருந்தாலும், ஒரு நிமிடமாவது ‘இவரை உங்களுக்கு’ என்று சொல்லக் கேட்பது ஒன்றுமில்லாததல்ல.

இதை நான் கடலூரிலிருந்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஜேன் ஆஸ்டினின் தந்தைக்கு ஃபிலடெல்ஃபியா என்று ஓர் அக்காள். தாய் தந்தை இல்லை. பதினைந்து வயதில் லண்டனில் தொப்பி, ஆடை அலங்காரக் கடை ஒன்றில் தொழில் பழகச் சேர்க்கப்பட்டாள். அவளுக்காக யார் வீட்டுப் படியையும் மிதிக்கத் தந்தை இல்லை. அரங்கில் கைப்பிடித்து நிறுத்தத் தாய் இல்லை. அவள் கிழக்கிந்தியக் கம்பெனியின் இயக்குநர்களுக்கு மனுப் போட்டாள். செயின்ட் டேவிட் கோட்டையில் இருக்கும் நண்பர்களிடம் போக அனுமதி வேண்டும் என்று கேட்டாள். அந்தக் கோட்டை இருந்தது இங்கே, தேவனாம்பட்டினத்தில். ‘பாம்பே காசில்’ என்ற கப்பலில் 1752 தொடக்கத்தில் ஏறி, ஆகஸ்ட்டில் சென்னையில் இறங்கினாள். 1753 பிப்ரவரியில் கம்பெனி மருத்துவர் டைசோ சால் ஹான்காக்கை இந்தக் கடலூரில் மணந்தாள். இறங்கி ஆறு மாதம். இடையில் திரு. கிங் இல்லை, சீமாட்டிகளின் சீட்டு இல்லை, பத்து நிமிட நூலகச் சந்திப்பு இல்லை. கணவன் தேடி வந்த பெண் என்பதை இறக்குமதிப் பட்டியலிலேயே ஊர் படித்திருக்கும்.

அத்தையின் கதை மருமகள் ஜேன் ஆஸ்டினுக்குத் தெரியும். பதினாறு வயதில், 1792-இல், எழுதிப் பாதியில் விட்ட ‘காதரின்’ கதையில் தாய் தந்தையற்ற ஒரு பெண்ணை உறவினர் செலவு செய்து வங்காளத்துக்கு அனுப்புகிறார்கள். போனவுடன் கல்யாணம், மாப்பிள்ளைக்கு அவளைப்போல் இரு மடங்கு வயது. ஆடம்பரமாக, ஆனால் மகிழ்ச்சியில்லாமல் மணமானவள் என்று எழுதுகிறாள். நடன அரங்கில் யார் யாருக்கு அறிமுகம் என்பதை அவ்வளவு உன்னிப்பாகப் பிற்காலத்தில் எழுதிய கை, முதலில் எழுதிய கல்யாணங்களில் ஒன்று இது.

நான் மாலையில் தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு நடக்கப் போகும்போது, கெடிலம் கடலில் சேரும் பக்கமாகத் திரும்பிப் பார்ப்பதுண்டு. 1758-இல் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்து இடித்த கோட்டை அது, சிதைவுதான் மிச்சம். அங்கே அந்த இருபத்திரண்டு வயதுப் பெண்ணை ஹான்காக்குக்கு அறிமுகப்படுத்தினார்களா, ஹான்காக்கை அவளுக்கு அறிமுகப்படுத்தினார்களா?

முழுக் கட்டுரையையும் திருத்தி வெளியிடத் தங்களுக்கு இடமிருக்காது என்று தெரியும். இணையப் பதிப்பில் மட்டுமாவது ‘மகளை’ என்பதை ‘மகளுக்கு’ என்றும், ‘கனவானுக்கு’ என்பதைக் ‘கனவானை’ என்றும் மாற்றிவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். இரண்டு உருபுகள்தான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கிலப் பேராசிரியை,
மஞ்சக்குப்பம், கடலூர்.